தங்கச்சி பேசாத வீடு

கடலூர் திருப்பாப்புலியூரில் மரச்சாமான் பட்டறை ஒன்றில் சாமிக்கண்ணு பாலீஷ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மேசை, நாற்காலி, கல்யாணச் சீராகப் போகிற பீரோ எல்லாம் அவன் கைப்பட்ட பிறகுதான் பட்டறை வாசலைத் தாண்டும். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுத்துணியில் தொட்டுத் தொட்டு இழைப்பான். பலகையில் முகம் தெரியும்வரை விடமாட்டான்.

அப்போது மதுவிலக்குக் காலம். கள்ளுக்கடை, சாராயக்கடை எதுவும் கிடையாது. குடிக்கிறவர்கள் குடிக்காமல் இருந்தார்களா என்றால் அதுவும் கிடையாது. பட்டறை ஸ்பிரிட்டைத் துணியில் வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, கோலி சோடாவை உடைத்து ஊற்றினால் போதும், தொண்டையில் இறங்கும். பாலீஷ்காரர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. சாமிக்கண்ணுவுக்கும் உண்டு. நல்லநாள் பெரியநாளில் மட்டும்தான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவனுக்கு ஒரே தங்கை, தைலம்மாள். சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுகிற அய்யனாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. தைலம்மாள் வாயாடி. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அடுத்த வீட்டுக் கோழி வாசலில் ஏறினால் கோழியோடும் சண்டை போடுவாள், கோழிக்காரியோடும் சண்டை போடுவாள். அய்யனார் அதற்கு நேர் எதிர். எதற்கும் சிரிப்பான். அவள் கத்துவதும் அவன் சிரிப்பதுமாகக் குடித்தனம் ஓடிற்று. பிள்ளை இல்லை. அந்தக் குறையைக்கூட அவன் குதிரையைக் காட்டிச் சிரித்தே தள்ளிவிடுவான்.

அறுபத்தாறாம் வருஷம் மாசி மகத்துக்கு இரண்டு பேரும் கடலூருக்கு வந்தார்கள். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிற நாள் அது. முதல்நாளே வந்து இறங்கிய அய்யனார், பஸ் ஸ்டாண்டில் வைத்தே சாமிக்கண்ணுவின் காதோரம் கேட்டான்.

"மச்சான், நாளைக்கு ஏதாச்சும் உண்டா?"

"உண்டு மாப்ள. நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை பட்டறையில் புது டின் ஒன்று வந்திருந்தது. மூடியைத் திறந்து குப்பியில் ஊற்றும்போது வாசனை வேறு மாதிரி இருந்தது. இது வழக்கமான சரக்கு இல்லை என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லிற்று. ஒரு கணம்தான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கதவைத் தட்டிவிட்டுப் பதில் வராவிட்டால் போய்விடுகிற ஆளைப்போல மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. சாமிக்கண்ணு குப்பியை நிரப்பிக்கொண்டு வந்து வீட்டுக் கூரையில் செருகி வைத்தான்.

மறுநாள் சாமி பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு தைலம்மாளுக்கும் அய்யனாருக்கும் ஏதோ வாய்ச்சண்டை. அவன் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மச்சானும் மாப்பிள்ளையும் சவுக்குத் தோப்புப் பக்கம் போய் உட்கார்ந்து குப்பியைக் காலி செய்தார்கள். அய்யனாருக்குத்தான் அதிகம் ஊற்றினான் சாமிக்கண்ணு. விருந்தாளி அல்லவா.

காலையில் சாமிக்கண்ணு கண் விழித்தபோது வீட்டுக்குள் பனி இறங்கியதுபோல எல்லாம் வெள்ளையாக இருந்தது. மாசியில் இப்படியா பனி கொட்டும் என்று எண்ணிக் கண்ணைத் தேய்த்தான். வெள்ளை போகவில்லை. பக்கத்துப் பாயில் அய்யனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தான். மூச்சு நாய் இரைப்பதுபோல வந்தது.

"மச்சான்," என்றான் அய்யனார். "விடிஞ்சுதா, இல்லியா?"

வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் சூடு சாமிக்கண்ணுவின் காலில் பட்டது. பதில் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

இரண்டு பேரையும் மாட்டு வண்டியில் போட்டு மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அய்யனார் அன்று பொழுது சாயும் முன்னே செத்துப்போனான். சாமிக்கண்ணு பிழைத்தான். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு செத்துவிட்டது, இனிமேல் பார்வை வராது என்று டாக்டர் சொன்னார். பக்கத்துக் கூடத்தில் தைலம்மாள் அலறுவது கேட்டது. ஒரே ஒரு அலறல். அதற்குப் பிறகு அவள் குரலே கேட்கவில்லை.

அவன் மனைவி விருத்தாம்பாள் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் கஞ்சி கொண்டுவந்து ஊற்றினாள். ஒருநாள் கஞ்சிச் செம்பைக் கட்டிலடியில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"நான் காடாம்புலியூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். கொட்ட ஒடைக்கிற வேல இருக்குதாம். ஒன்னயும் பாத்துக்கிட்டு புள்ளயயும் பாத்துக்க என்னால ஆவாது."

அவள் பொய் சொல்லவில்லை. முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்து கறுத்தாலும் அங்கே பெண்ணுக்கு ஒருவேளைச் சோறு உண்டு. கண்ணில்லாத புருஷனிடம் அதுவும் இல்லை. "போயிட்டு வா," என்றான். அவள் வருவேன் என்று சொல்லவில்லை.

போலீஸ் கேஸ் நடந்தது. ஸ்பிரிட்டைக் கொண்டுவந்தது நான்தான் என்று மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஒத்துக்கொண்டான். வாசனை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவன் கண்ணைப் பார்த்துவிட்டு மாஜிஸ்ட்ரேட் தண்டனையைக் குறைத்தார். கேப்பர் மலை ஜெயிலில் சில மாதங்கள் கிடந்தான். வெளியே போனால் எங்கே போவது என்று யோசித்து யோசித்து, வெளியே விடுகிற நாளே வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தான்.

அந்த நாளும் வந்தது. ஜெயில் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது யாரோ அவன் கையில் ஒரு துண்டின் முனையைக் கொடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தான்."

தைலம்மாள். துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பஸ் ஏறினார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று கண்டக்டர் கூவிக்கொண்டே வந்தான். சிதம்பரம்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறை. குதிரையும் வண்டியும் விற்றுப் போயிருந்தன. மளிகைக் கடைகளிலிருந்து உளுந்து, பயறு, துவரை வாங்கிவந்து கல் பொறுக்கிப் புடைத்துக் கொடுத்து தைலம்மாள் வயிற்றைக் கழுவினாள். அண்ணனுக்குக் கயிற்றுக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவள் தரையில் படுத்தாள். நேரத்துக்குச் சோறு வைத்தாள். "சோறு." "தண்ணி." "படி, பாத்து." இவ்வளவுதான் அவள் பேச்சு.

கொஞ்ச நாளில் சாமிக்கண்ணுவுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. கடைத்தெருவில் நாற்காலி ரிப்பேர் கடை வைத்திருந்த அப்துல் ஹக், அவன் மரவேலை தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு, பிரம்பு பின்னக் கற்றுக்கொடுத்தார். நாற்காலிகளை வீட்டுக்கே அனுப்பினார். விரல்கள் பழகிக்கொண்டன. ஆனால் விரல் வேலை செய்கிற நேரமெல்லாம் மனம் தன் செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏன் என்னைக் கூட்டிவந்தாள்? புருஷனைக் கொன்றவனை எந்தப் பெண் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுவாள்? ஊர் மெச்சவா? இல்லை, தினமும் என்னை எதிரே உட்கார வைத்து, ஒரு வார்த்தை பேசாமல், உயிரோடு கொல்லவா? சோறு வைக்கிற தட்டின் சத்தத்தில் கோபத்தைத் தேடினான். ஒருநாள் தட்டு 'ணங்' என்று விழுந்தால் இன்று வெறுப்பு அதிகம் என்று கணக்குப் போட்டான். மெதுவாக வைத்தால் ஏதோ தீர்மானம் செய்துவிட்டாள் என்று பயந்தான். முகம் தெரிந்தால் ஒரு பார்வையில் முடிந்துபோகிற விஷயம். முகம் இல்லாததால் அவன் மனம் ஆயிரம் முகம் வரைந்து அழித்தது.

பக்கத்து அறையில் இருந்த இருசம்மாள் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

"அவ மனசுல என்னாத்த வச்சுக்கிட்டு இருக்காளோ? எங்கிட்டகூட பேச மாட்றா. நீ சாவுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணும்னு நேத்திக்கடன் ஏதாச்சும் வச்சிருப்பா போலருக்கு. எதுக்கும் புவனகிரியில குறி கேட்டுப் பாரு."

அதையும் செய்தான். இருசம்மாளே கூட்டிப்போனாள். செத்தவன் உன் தோளில் உட்கார்ந்திருக்கிறான், சேவல் அறுத்தால் இறங்குவான் என்றார் குறிக்காரர். சேவலும் அறுத்தார்கள். வீட்டில் மௌனம் அப்படியேதான் இருந்தது.

மூன்று நான்கு தடவை தங்கையின் காலில் விழுந்தான். குரல் வந்த திசையைப் பார்த்து விழ, குரலே கிடையாதே. காலடிச் சத்தத்தைப் பார்த்து விழுந்தான்.

"நான்தான் கொன்னுட்டேன் தைலு. என்ன வெட்டிப் போட்டுடு. ஒரு வார்த்த திட்டிடு, போதும்."

அவள் காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒருமுறை இடுப்பில் இருந்த குடம் விழுந்து உடைந்தது. உடைந்த ஓடுகளை அவள் பொறுக்கும் சத்தம் கேட்டதே ஒழிய வாய் திறக்கவில்லை. அவள் விரல்கள் நடுங்கி ஓடுகள் ஒன்றோடொன்று மோதுவதை அவன் கேட்டான். கோபத்தில் நடுங்குகிறாள் என்று எண்ணிக்கொண்டான்.

அறுபத்தேழு வந்தது. தெருவெல்லாம் தேர்தல் கோஷம் போய், அரிசிக்கு வரிசையில் நிற்கிற பேச்சாக இருந்தது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. வானத்தைப் பொத்துக்கொண்டு ஊற்றுகிற மழை. வெள்ளாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது என்றார்கள். பிரம்பு ஈரம் ஏறி ஊறிக்கிடந்ததால் நாற்காலி வேலை இல்லை. சாமிக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

அன்று பிற்பகல் அவனுக்கு யோசிக்கவும் தெம்பில்லை. ஒன்றரை வருஷமாகப் போட்ட கணக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. இனிக் கேட்க ஆளில்லை, வேண்டச் சாமியில்லை, விழக் காலில்லை. தெரியவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சொன்னபோது வருத்தம்கூட வரவில்லை. சுமையைத் தூக்க முடியாதவன் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிடுவதுபோல உட்கார்ந்திருந்தான். கூரையில் மழை விழுந்தது. அறையின் மறுமூலையில் தைலம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் உளுந்து எழும்பி விழுகிற சத்தம் மழைக்கு நடுவே ஒரே தாளத்தில் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவன் ஒரு சத்தத்தை, அதில் எதையும் தேடாமல், வெறுமே கேட்டான்.

பக்கத்து அறையில் இருசம்மாளும் அவள் புருஷன் ஆண்டியும் சண்டை பிடித்தார்கள். மழைக்கு வேலைக்குப் போகாத மூட்டை தூக்குகிறவன் அவன். சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம். பானையில் ஒன்றும் இல்லை என்று அவள் கத்தினாள். அவன் ஏதோ சொன்னான்.

"எங்கியாச்சும் போய்த் தொலையேன்!" என்றாள் இருசம்மாள்.

முறம் நின்றது.

சாமிக்கண்ணு காத்திருந்தான். எவ்வளவோ நேரம் முறம் எழும்பவில்லை. தைலம்மாள் மூச்சு விடும் சத்தமும் நின்றுபோயிருந்தது. பிறகு ஒரு நீண்ட மூச்சு; மறுபடி உளுந்து எழும்பி விழுந்தது, தாளம் தப்பி.

அப்போது ஒன்று நடந்தது. அவன் முயன்று நினைக்கவில்லை, தோண்டவில்லை. தானாகவே மேலே வந்து நின்றது. சவுக்குத் தோப்பு, மணல், பொழுது இறங்குகிற மஞ்சள் வெளிச்சம், சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்துக்கொண்டு வருகிற அய்யனார். "ஒன் தங்கச்சி என்னப் போய்த் தொலன்னுட்டா மச்சான். தொலையறதுக்கு எடம் காட்டு, வா." இவ்வளவு நாளும் அந்த நினைவு எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. அவன் மனசு போட்ட சத்தத்தில் அது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பின்னாலேயே மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. கோழிகூட இந்த வாசலில் பயமில்லாமல் மேய்கிறது. கீரைக்காரி பாதிக்கட்டைக் குறைத்துக் கொடுத்தாலும் தைலம்மாள் 'சரி' என்கிறாள். இருசம்மாளிடம் பேசுவதில்லை. கடைக்காரனிடம் பேசுவதில்லை. அவள் என்னிடம் மட்டும் பேசாமல் இல்லை. யாரிடமும் பேசுவதில்லை. தன் வாயைக் கண்டு அவளே பயந்துபோயிருக்கிறாள். போய்த் தொலை என்று அவள் சொன்னாள், அவன் போனான், தொலைந்தான். அவள் கணக்கில் ஸ்பிரிட் இல்லை, குப்பி இல்லை, அண்ணன் இல்லை. அவள் நாக்குத்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் காலில் விழுந்து நான் கொன்றேன், நான் கொன்றேன் என்று கத்தும்போது, இல்லை நான்தான் என்று அவளுக்குள் ஒரு குரல் அறைந்திருக்கிறது.

அவளோடு ஒரே அறையில் இருந்துகொண்டு இத்தனை நாளும் தன்னைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

உடனே எழுந்து ஓட மனம் துடித்தது. ஓடவில்லை. இதற்குமுன் துடித்த துடிப்பெல்லாம் என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் அதை உள்ளேயே வைத்திருந்தான். அய்யனார் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசவே இல்லை என்று சொல்லிவிடலாம் என ஒரு யோசனை வந்தது. சொன்னால் நம்புவாள். ஆனால் பொய்யின்மேல் அவள் எத்தனை நாள் நிற்பாள்? மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில், அவள் முறத்தோடு உட்கார்ந்த சத்தம் கேட்டதும் பேசினான். கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. காலில் விழவில்லை.

"தைலு, ஒன்னு சொல்றேன். பதில் பேச வேணாம். கேட்டா போதும். அன்னிக்கு நீ மாப்ளயப் போய்த் தொலன்னு சொன்ன."

முறம் தரையில் விழுந்தது. உளுந்து சிதறி உருளும் சத்தம் அறை முழுக்க ஓடிற்று.

"எங்கிட்ட வந்து சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஒன் வாய் அவனுக்குத் தெரியாதா? அத அவன் மனசுல வச்சுக்கிட்டு வரல. நீ சொன்னதுக்காக அவன் குடிக்க வரல தைலு. மொத நாளே பேசி வச்சிட்டோம். பஸ்ஸ வுட்டு எறங்குனதுமே கேட்டான், நான் கொண்டாந்து கூரையில சொருவி வச்சிட்டேன். நீ அன்னிக்குச் சண்ட போட்டிருந்தாலும் போடாட்டியும், கொஞ்சிக் கொலாவி இருந்தாலும், அவன் அங்க வந்திருப்பான். அந்தக் குப்பியத்தான் குடிச்சிருப்பான்."

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் நல்ல அண்ணன் என்ற பெயரும் மிஞ்சும். ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினால் இதுவும் இன்னொரு காலில் விழுகிற வேலையாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றிற்று.

"இன்னொன்னு இருக்கு. கோர்ட்டுலகூட சொல்லல. அந்த டின்னத் தொறந்தப்பவே வாசன வேறயா அடிச்சுது. இது வேற சரக்குன்னு எனக்குப் பட்டுது. பட்டும் எடுத்தேன்."

"தெரியுமா?"

அது தைலம்மாளின் குரல். கரகரத்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல வந்தது.

"தெரிஞ்சா ஊத்துன?"

"பட்டுது. பெருசா எடுத்துக்கல."

அடுத்த நொடி முறம் அவன் தலையில் இறங்கியது. பிறகு தோளில், முகத்தில், தடுக்கத் தூக்கிய கையில். மூங்கில் பத்தை தெறித்துக் கன்னத்தில் கீறியது. "பாவி! பாவி! நான்னு நெனச்சனே! நான்னு நெனச்சுக்கிட்டுத் தெனம் செத்தனே! என் வாயில புத்து வரணும்னு வேண்டிக்கிட்டனேடா பாவி!" தெருவே கூடிவிட்டது. ஒன்றரை வருஷத்துக்குச் சேர்த்துவைத்த குரல் அது. அவள் அய்யனாரின் பெயரைச் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை அன்றுதான் அழுதாள். ஆண்டி வந்து முறத்தைப் பிடுங்கினான். இருசம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப்போனாள். சாமிக்கண்ணு சிதறிய உளுந்தின் நடுவே உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை தைலம்மாள் தன் அறைக்கு வரவில்லை. மறுநாள் வந்தாள். சோறு வைக்கவில்லை. அப்துல் ஹக் விஷயம் கேள்விப்பட்டு வந்தார்.

"ஏம்ப்பா சாமிக்கண்ணு, இங்க இருக்க வேணாம். நம்ம கடைக்குப் பின்னால எடம் கெடக்கு. வந்து இருந்துக்க. இந்தப் புள்ள ஒன்ன அடிச்சே கொன்னுப்போடும்."

இருசம்மாளோ வேறு சொன்னாள். "காடாம்புலியூருக்குப் போயி பொண்டாட்டி கால்ல வுழு. தாலி கட்டுனவ, தள்ள மாட்டா."

பழைய சாமிக்கண்ணுவாக இருந்தால் இரண்டையும் தராசில் போட்டு விடிய விடிய நிறுத்துக்கொண்டிருப்பான், புவனகிரிக்கும் போயிருப்பான். இப்போது பயம் இருந்தது, ஆனால் அதைக் கிளறவில்லை. அப்துல் ஹக் பாயிடம் சொன்னான்.

"அரக்க ஸ்பிரிட்டுல போட்டா கொழகொழன்னு கலங்கிக் கெடக்கும் பாய். அவசரத்துல எடுத்துப் பூசுனா பலக திட்டுத்திட்டா ஆயிரும். ஆட்டாம வச்சிட்டா கசடு கீழ போயிடும், மேல இருக்கறது கண்ணாடியாட்டம் நிக்கும். நமக்கு அதுல வேல ஒன்னுமில்ல. கைய வைக்காம இருக்கறதுதான் வேல. ரெண்டு நாள் போவட்டும், சொல்றேன்."

"என்னமோ போ," என்று பாய் எழுந்தார். "பட்டினி கெடந்துக்கிட்டு பாலீஷ் பேசற."

பட்டினிதான் கிடந்தான். அதன் நடுவே ஒருநாள், வாசலில் உட்கார்ந்து பிரம்பை நனைத்துக்கொண்டிருந்தபோது, பதில் எளிதாக வந்து சேர்ந்தது. அவள் என்னைப் போ என்று சொல்லவில்லை. அடித்தாள், சபித்தாள், சோற்றை நிறுத்தினாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவள் கோபப்பட இப்போதுதான் சரியான ஆள் கிடைத்திருக்கிறான். நான் ஓடிப்போனால் அந்தக் கோபம் எங்கே போகும்? மறுபடி அவள் மேலேயே திரும்பும். அவளாகப் போகச் சொல்கிறவரை இங்கேயே இருக்க வேண்டும். வாங்கிக்கொள்வதுதான் எனக்கு மிச்சமிருக்கிற வேலை.

இதில் நிம்மதி எதுவும் இல்லை. ஆனால் இதுதான் சரி என்பதில் அவனுக்குச் சந்தேகமும் இல்லை. பட்டறையில் டின்னைத் திறந்தபோது பேசியதும் இதே குரல்தான் என்று அடையாளம் தெரிந்தது. அது பயமுறுத்தவில்லை, கெஞ்சவில்லை, ஒரே தடவைதான் சொல்லிற்று. அன்று கேட்டிருந்தால் அய்யனார் இன்றைக்கும் ஸ்டேஷன் வாசலில் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருப்பான். இதை நினைத்தபோது நெஞ்சை யாரோ பிசைவதுபோல இருந்தது. அந்த வலி அதற்குப் பிறகும் போகவில்லை. போகும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

சில நாள் கழித்துச் சோற்றுத்தட்டு மறுபடி வந்தது. கூடவே பேச்சும் வந்தது. "வாசல்ல குந்திக்கிட்டு வழிய அடைக்காத." "பிரம்ப எங்க வேணாலும் போட்டு வச்சா எவ கால ஒடச்சுக்கறது?" கீரைக்காரியோடு சண்டை போட்டாள். அடுத்த வீட்டுக் கோழியை விரட்டினாள். இருசம்மாள் வந்து சாமிக்கண்ணுவிடம், "இவ பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு," என்று அலுத்துக்கொண்டாள். சில நாள் காரணமே இல்லாமல் தைலம்மாளுக்கு வெறி வரும். கையில் கிடைத்ததை வீசுவாள். சாமிக்கண்ணு நகர்ந்துகொள்ளமாட்டான். வீசிவிட்டு அவளே வந்து அடிபட்ட இடத்தில் மஞ்சளை வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவாள்.

அறுபத்தெட்டில் ஒருமுறை விருத்தாம்பாள் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். பெண் அப்பாவின் கண்ணைப் பார்த்துப் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள் என்பது அவள் குரல் அமுங்கிய விதத்திலேயே தெரிந்தது. கூப்பிடலாமா என்று கை எழுந்தது. வேண்டாம், அது தானாக வரட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டான். அன்று அது வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று விருத்தாம்பாள் எழுந்தாள். அவள் கை அவன் கைமேல் ஒரு கணம் பட்டது. முந்திரிப் பால் பட்டு வெந்து, தோல் தடித்து, மரப்பட்டை மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அவள் வரவில்லை. வேறு ஒருவனோடு குடித்தனம் வைத்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டான். அன்று முழுக்கப் பிரம்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஆத்திரப்பட்டு யாரையும் அனுப்பவில்லை, எதையும் சொல்லியனுப்பவும் இல்லை. தைலம்மாள் மட்டும் அவனுக்காக விருத்தாம்பாளைத் தெருவில் நின்று திட்டித் தீர்த்தாள்.

வருஷா வருஷம் அய்யனாருக்குப் படையல் போடும்போது தைலம்மாள் அண்ணனை வெளியே அனுப்பிவிடுவாள். "நீ இருக்காத" என்பாள். அவனும் வேம்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். அறுபத்தொன்பது மாசியிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது, பிறகு அவள் மெல்ல அழுவது கேட்டது, பிறகு இலை மடிக்கும் சத்தம். வழக்கத்துக்கு மாறாக அவள் வெளியே வந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவுரு கடைசியா என்னா சொன்னாரு?"

இந்தக் கேள்வியை மூன்று வருஷமாக அவள் கேட்டதில்லை. அவன் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"விடிஞ்சுதா இல்லியான்னு கேட்டான்."

"நீ என்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. எனக்கும் கண்ணு தெரியல அப்போ."

தெருவில் ஒரு ஜட்கா போயிற்று. அது தெருமுனை திரும்பும்வரை குளம்புச் சத்தம் கேட்டது.

"ஒன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத," என்றாள்.

"நெனக்கல."

"நெனச்சிடாத."

"இல்ல தைலு."

அவள் எழுந்து உள்ளே போய் இலையில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். வடை வலது பக்கம் இருக்கிறது, பாயசம் சூடாக இருக்கிறது, பார்த்துக் குடி என்றாள்.